மூன்றாவது வரிசையில் உட்காருகிறவரைக் கேட்டு வாங்குங்கள்
பழைய ஏழு சீட்டர் வண்டி பார்க்கக் கிளம்பும் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள குடும்பத்தாருக்கு,



உங்கள் வீட்டில் இந்தப் பேச்சு எப்படித் தொடங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு முழங்கால் வலி, பஸ் ஏற முடியவில்லை. தம்பி குடும்பமும் சேர்ந்தால் ஏழு பேர். குலதெய்வம் கோயிலுக்குப் போனாலும், ஊர்க் கல்யாணத்துக்குப் போனாலும் இரண்டு வண்டி எடுக்க வேண்டியிருக்கிறது. ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒரு பெரிய வண்டியாக வாங்கிவிடலாம். புதிது கட்டுப்படியாகாது, செகண்ட் ஹேண்ட் பார்ப்போம் என்று முடிவாகியிருக்கும். உறவினருக்கும் நண்பர்களுக்கும் பழைய வண்டி பார்க்கக் கூடவே போய்வருகிறவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

முதலில் சொல்லிவிடுகிறேன், உங்கள் முடிவு நல்ல முடிவு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வாழ்நாள் வரி உயர்ந்த பிறகு, 10 லட்சம் முதல் 20 லட்சம் ரூபாய் வரையிலான புதிய காருக்கு 18 சதவீதமும் அதற்கு மேல் 20 சதவீதமும் வரியாகவே போய்விடுகிறது. பழைய வண்டிக்கு அந்த வரியை முதல் உரிமையாளர் கட்டி முடித்திருக்கிறார். விலை இறங்கும் வேகமும் முதல் சில ஆண்டுகளில்தான் அதிகம். அந்த இழப்பையும் அவரே சுமந்திருக்கிறார். நன்றாகப் பராமரித்த ஐந்தாறு வயது வண்டி, நடுத்தரக் குடும்பத்துக்கு மிகவும் நியாயமான வழி.

ஆனால் வண்டி பார்க்கப் போகும் இடத்தில் நான் திரும்பத் திரும்பக் காண்பது ஒன்று உண்டு. பார்க்கிறவர் நேராக டிரைவர் சீட்டில் ஏறி உட்காருகிறார். ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறார், டச் ஸ்கிரீனைத் தட்டுகிறார், சன்ரூஃபைத் திறந்து மூடுகிறார். உயரத்திலிருந்து சாலையைப் பார்க்கும் அந்தப் பெருமிதத்திலேயே பாதி முடிவு எடுத்துவிடுகிறார். இந்த வண்டியை வாங்குவதற்குக் காரணமே மூன்றாவது வரிசைதான். அந்த வரிசையில் அவர் ஒரு நிமிடம்கூட உட்கார்ந்து பார்ப்பதில்லை. அங்கே உட்காரப் போகிற பாட்டியோ, பேரப்பிள்ளைகளோ, தங்கையோ வண்டி பார்க்க அழைக்கப்படுவதும் இல்லை.

இந்த மடலில் நான் வேண்டுவது இதுதான்: வண்டியைப் பின்னாலிருந்து முன்னால் பாருங்கள். கடைசி வரிசையில் உட்காருகிறவருக்கு எது சரியோ அந்த வண்டியை வாங்குங்கள். மற்ற எல்லாக் கணக்கும் அதற்குப் பின்னால் வரட்டும்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. குளோபல் என்கேப் போன்ற அமைப்புகள் வண்டியை 64 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பில் மோதவிட்டு நட்சத்திரம் தருகின்றன. அந்தச் சோதனையில் முன் சீட்டுகளில் பெரியவர் அளவு பொம்மைகள் இரண்டு, அதற்குப் பின் வரிசையில் குழந்தை அளவு பொம்மைகள் இரண்டு உட்காரவைக்கப்படுகின்றன. மூன்றாவது வரிசையில் யாரும் இல்லை. விளம்பரத்தில் நீங்கள் பார்க்கும் ஐந்து நட்சத்திரம் அந்த வரிசையைப் பற்றி நேரடியாக எதுவும் சொல்வதில்லை. ஆகவே அதை நீங்கள்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

எப்படிச் சோதிப்பது? ஏழு பேரையும் அழைத்துப் போங்கள். முடியாவிட்டால் வீட்டில் மூத்தவரையும் இளையவரையுமாவது அழைத்துப் போங்கள். பின் வரிசைக்கு அம்மாவால் கைத்தாங்கல் இல்லாமல் ஏற முடிகிறதா? நடு சீட் மடிந்து தரும் வழி அகலமா, குறுகலா? உட்கார்ந்தபின் முழங்கால் மார்புக்கு நேராக ஏறி நிற்கிறதா? ஏறிய உடனே இறங்கிவிடாமல் கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கச் சொல்லுங்கள். ஏ.சி. காற்று அங்கே வருகிறதா, கண்ணாடி வழியாக வெளியே பார்க்க முடிகிறதா என்று கேளுங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பின் சீட்டில் அடைபட்டு, வெளியே பார்க்க முடியாமல், காற்றும் வராமல் போனால் குழந்தைகளின் வயிறு என்ன பாடுபடும் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது பெல்ட். ஒவ்வொரு சீட்டிலும் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பாருங்கள். தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட்தானா, அல்லது இடுப்பை மட்டும் சுற்றும் பட்டையா? சட்டென்று இழுத்தால் பூட்டிக்கொள்கிறதா? பக்கிள் சீட்டுக்கு அடியில் புதைந்து கிடக்கிறதா? தலைச்சாய்மானம் பெரியவர்களின் தலை உயரத்துக்கு வருகிறதா? பழைய ஸ்கார்ப்பியோ, பொலிரோ, சுமோ, முதல் தலைமுறை சஃபாரி ஆகியவற்றில் பின்னால் எதிரெதிராகப் பக்கவாட்டில் பார்த்து உட்காரும் சீட்டுகள் உள்ள வண்டிகள் உண்டு. அந்த வகைச் சீட்டில் குழந்தைகளை ஏற்றாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். முன்னோக்கி மோதும் வண்டியில் பக்கவாட்டில் உட்கார்ந்த உடம்பைத் தடுத்து நிறுத்த அங்கே எதுவும் இல்லை. ஒன்பது பேர் போகலாம் என்று விற்பவர் சொன்னால், பாதுகாப்பாக எத்தனை பேர் போகலாம் என்று திருப்பிக் கேளுங்கள்.

2022 செப்டம்பர் 4 அன்று மும்பை–அகமதாபாத் நெடுஞ்சாலையில் பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். விலையுயர்ந்த வண்டி, அவர் பின் சீட்டில், பெல்ட் போடாமல் இருந்தார். முன் சீட்டுகளில் இருந்த இருவரும் காயங்களோடு உயிர் பிழைத்தார்கள். நாட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவரைக் காப்பாற்ற முடியாத பின் சீட், பெல்ட் இல்லாமல் நம் பிள்ளைகளையும் காப்பாற்றாது. பின்னால் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும் என்பது சட்டம். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிச் சென்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவில் 1,000 ரூபாய் அபராதம் உண்டு. கைக்குழந்தை இருக்கும் வீடாக இருந்தால், குழந்தை இருக்கையைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் எந்தெந்தச் சீட்டில் இருக்கின்றன என்று விரல்விட்டுத் தடவிப் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்தபின் இன்னொரு கேள்வியை வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். ஏழு பேரும் சேர்ந்து உண்மையில் எப்போதெல்லாம் போகிறீர்கள்? மாதம் இரண்டு முறை என்றால் பெரிய வண்டி வாங்குங்கள். பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் மட்டும் என்றால், நல்ல ஐந்து சீட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு, அந்த இரண்டு நாட்களுக்கு ஒரு வேன் பேசிக்கொள்வது எல்லோருக்கும் வசதி. பெரிய வண்டி தினமும் டீசல் கேட்கும், டயர் கேட்கும், இடம் கேட்கும். ஃபார்ச்சூனரின் நீளம் 4,795 மில்லிமீட்டர். எக்ஸ்யூவி 700 கண்ணாடிகளை விட்டுவிட்டுப் பார்த்தாலே 1,890 மில்லிமீட்டர் அகலம். உங்கள் தெருவின் அகலத்தையும் வாசலின் அகலத்தையும் டேப் வைத்து அளந்துகொண்டு கிளம்புங்கள்.

சாமான் கணக்கையும் போடுங்கள். ஏழு சீட்டும் நிமிர்ந்திருக்கும்போது பெரும்பாலான வண்டிகளில் பின்கதவுக்கும் கடைசி சீட்டுக்கும் நடுவே இரண்டு பைக்கு மேல் இடமிருக்காது. மீதி சாமான் மேலே கேரியரில் ஏறும். உயரமான வண்டியின் தலையில் பாரம் ஏற ஏற வளைவில் கவிழும் ஆபத்தும் ஏறும். கடைசி சீட்டில் சாய்ந்திருப்பவரின் தலைக்கும் பின் கண்ணாடிக்கும் எவ்வளவு இடைவெளி என்று உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பின்னாலிருந்து ஒரு லாரி இடித்தால் அந்த இடைவெளிதான் அவருக்கு மிச்சம்.

இப்போது ஆண்டுக் கணக்குக்கு வருகிறேன். பழைய வண்டியில் மாடலின் பெயரைவிட, எந்த ஆண்டு, எந்த வேரியன்ட் என்பதே முக்கியம். ஏ.பி.எஸ். பிரேக் புதிதாக அறிமுகமாகும் மாடல்களுக்கு 2018 ஏப்ரலிலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரலிலும் கட்டாயமானது. டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலையிலிருந்து கட்டாயம். டிரைவருக்குப் பக்கத்து சீட்டுக்கான ஏர்பேக் புதிய மாடல்களுக்கு 2021 ஏப்ரலிலும், பழைய மாடல்களுக்கு அந்த ஆண்டின் இறுதியிலும் கட்டாயமானது. இந்தத் தேதிகளுக்கு முந்தைய வண்டியில், அதிலும் பேஸ் வேரியன்டில், இவை இல்லாமலே இருக்கலாம். 2016இல் குளோபல் என்கேப் சோதித்த ஏர்பேக் இல்லாத ஸ்கார்ப்பியோ ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. அதே நிறுவனத்தின் எக்ஸ்யூவி 700, இரண்டு ஏர்பேக் மட்டுமே உள்ள அடிப்படை வடிவில் 2021இல் சோதிக்கப்பட்டு, பெரியவர் பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. இடையில் ஓடியது ஐந்தே ஆண்டுகள். வண்டியின் கனத்தைக் கண்டு பாதுகாப்பை எடைபோடாதீர்கள். அதன் வயதையும், கூடு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள்.

ஒரு பெயரின் நட்சத்திரம் அந்தப் பெயரைத் தாங்கிய எல்லா வண்டிக்கும் சேராது. சஃபாரி என்ற பெயர் 1998இல் வந்தது. 2021இல் முற்றிலும் வேறான வண்டிக்கு அதே பெயர் வைக்கப்பட்டது. 2023 அக்டோபரில் அது மறுபடி புதுப்பிக்கப்பட்டு ஐந்து நட்சத்திரம் வாங்கியது. ஸ்கார்ப்பியோ என் 2022இல் வாங்கிய ஐந்து நட்சத்திரத்துக்கும் பழைய ஸ்கார்ப்பியோவுக்கும் சம்பந்தமில்லை. விற்பவர் நட்சத்திரம் பற்றிப் பேசினால், எந்த மாதம் தயாரான வண்டி என்று கேட்டுச் சரிபாருங்கள்.

என் யோசனை இது. கைப்பணத்தில் புதிய ஆண்டின் பேஸ் மாடலும், சற்றுப் பழைய ஆண்டின் டாப் மாடலும் ஒரே விலையில் கிடைத்தால், ஏர்பேக்கின் எண்ணிக்கையையும், வண்டி வழுக்கும்போது சக்கரங்களைத் தனித்தனியே பிடித்து நிறுத்தும் இ.எஸ்.சி. வசதியையும் வைத்து முடிவெடுங்கள். 2016இல் வந்த இன்னோவா கிரிஸ்டாவின் கீழ் வேரியன்ட்களில் மூன்று ஏர்பேக். மேல் வேரியன்டில் ஏழு. பக்கவாட்டில் திரைபோல் இறங்கும் ஏர்பேக் மூன்றாவது வரிசை வரை வருகிறதா என்பதை அந்தக் குறிப்பிட்ட ஆண்டின் உரிமையாளர் கையேட்டில் பாருங்கள். கையேடு வண்டியிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிறுவனத்தின் இணையதளத்தில் கிடைக்கும்.

சந்தையில் உங்கள் கண்ணில் படப்போகும் பெயர்கள் ஏறக்குறைய இவைதான். இன்னோவா கறாரான கணக்கில் எஸ்யூவி அல்ல; ஆனால் பெரியவர்கள் சிரமமில்லாமல் ஏறி இறங்கவும், கடைசி வரிசையில் ஒழுங்காக உட்காரவும் அதற்கு இணையானவை குறைவு. அதனால்தான் பழையதற்கும் விலை இறங்குவதில்லை. ஃபார்ச்சூனர் உழைக்கும், ஆனால் உயரம் அதிகம், பின் சீட்டில் கால் நீட்ட இடம் குறைவு, பெயருக்கும் சேர்த்து விலை கொடுக்க வேண்டியிருக்கும். எக்ஸ்யூவி 500 2011இல் வந்து 2021இல் நின்றது. விலை இறங்கிக் கிடைக்கிறது, ஆனால் மூன்றாவது வரிசை குழந்தைகளுக்கு மட்டுமே பொருந்தும். நம் மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு எண்டேவர் கனமான, சாலையில் ஊன்றி நிற்கும் வண்டி. இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அந்த நிறுவனம் அறிவித்துவிட்டது. வாங்குவதானால், உங்கள் ஊரிலிருந்து சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது, உதிரிபாகம் வர எத்தனை நாளாகிறது என்று அங்கேயே போய் விசாரித்த பிறகு வாங்குங்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் வசதி காட்டுப் பாதையிலும் சேற்றிலும் ஓட்டுகிறவருக்கு வேண்டும். ஊருக்கும் கோயிலுக்கும் போய்வர அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

வண்டி பிடித்துவிட்டதா? பொறுங்கள், அட்வான்ஸ் கொடுக்கும் முன் காகிதங்களைப் பாருங்கள். பரிவாகன் தளத்தில் பதிவெண்ணைப் போட்டால் இவர் எத்தனையாவது உரிமையாளர், எஃப்.சி. எதுவரை, இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா, வங்கிக் கடன் நிற்கிறதா என்று தெரியும். கடன் அடைந்திருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும், படிவம் 35ம் வேண்டும். நிலுவை அபராதங்களைத் தனியாகச் சோதியுங்கள். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கு. அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும் என்பதால், 13 வயது வண்டி விலை குறைவாகத் தெரிந்தாலும் செலவு பக்கத்தில் நிற்கிறது.

டி போர்டில் வாடகைக்கு ஓடி, பிறகு ஓன் போர்டாக மாற்றிய வண்டிகள் இந்த வகையில் அதிகம். வாடகைக்கு ஓடியதால் மட்டுமே ஒரு வண்டி கெட்டதாகிவிடாது. ஆனால் அந்த உண்மையை மறைத்து, மீட்டரையும் குறைத்து விற்றால் அது ஏமாற்று. கிளட்ச், பிரேக் பெடல்களின் ரப்பர் தேய்ந்திருக்கிறதா, டிரைவர் சீட்டின் ஓரம் நைந்திருக்கிறதா, ஸ்டீயரிங் வழவழப்பாகியிருக்கிறதா என்று பாருங்கள். மீட்டர் 60,000 கிலோமீட்டர் என்று காட்டி, பெடல் தேய்ந்து கிடந்தால் நம்பவேண்டியது பெடலை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதிவெண்ணைக் கொடுத்து சர்வீஸ் ஹிஸ்டரி கேட்டால், ஒவ்வொரு வருகையின்போதும் மீட்டர் எவ்வளவு காட்டியது என்பது வந்துவிடும். விற்பவரும் கூட வந்தால் இன்னும் சுலபம். வரத் தயங்குகிறார் என்றால் அந்தத் தயக்கத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

டெல்லி வண்டி பாதி விலைக்கு வருகிறது என்று யாராவது சொல்வார்கள். 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு எதிராகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் உத்தரவிட்டதும், 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்ததும்தான் அங்கே விலை சரிந்த காரணம். அந்த வண்டியை இங்கே கொண்டுவர அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. வேண்டும், இங்கே வரி கட்ட வேண்டும், புது எண் வாங்க வேண்டும். இத்தனையையும் கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் உள்ளூர் வண்டியின் விலையே வந்து நிற்கும். உள்ளூர் வண்டியென்றால் அதன் பழைய உரிமையாளரை நேரில் பார்க்கலாம், மெக்கானிக்கிடம் பேசலாம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும், திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் அதே 2023 டிசம்பரிலும் எத்தனையோ வண்டிகள் நீரில் நின்றன. கழுவி, பாலிஷ் போட்டபின் வெளியே ஒன்றும் தெரியாது. தரை விரிப்பைத் தூக்கி அடியில் கைவையுங்கள். சீட் பெல்ட்டை முடிவு வரை இழுத்தால் உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக்கோடு தெரியும். சீட்டைத் தரையில் பிடிக்கும் போல்ட், ஸ்டெப்னி வைக்கும் குழி, டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள ஒயர் இணைப்புகள் ஆகிய இடங்களில் துரு இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். கடலோர ஊர் வண்டியாக இருந்தால் கீழே படுத்து சேசிஸையும் பாருங்கள். உப்புக்காற்று அங்கிருந்துதான் தின்னத் தொடங்கும்.

விபத்தில் அடிபட்ட வண்டியைக் கண்டுபிடிக்க நல்ல டிங்கர் ஒருவரை அழைத்துப் போங்கள். நூறு மெக்கானிக்குகள் பார்க்காததை அவர் பார்ப்பார். கதவு ரப்பரை உருவி, உள்ளே கம்பெனி வைத்த வெல்டிங் புள்ளிகள் சீராக இருக்கின்றனவா, பானட் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பம்பரும் கதவும் மாற்றியது பெரிய விஷயமில்லை. பில்லரோ, சேசிஸோ வளைந்து நிமிர்த்தப்பட்டிருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம். சாவியைத் திருகியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கைத் துண்டித்திருக்கிறார்கள் என்று பொருள். வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் உறையை மட்டும் ஒட்டியிருக்க வாய்ப்புண்டு. இந்த ஒன்றை மட்டும் யாரும் சமாதானம் சொல்ல விடாதீர்கள்.

இன்ஜினைக் குளிர்ந்த நிலையில்தான் பார்க்க வேண்டும். நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். முதல் ஸ்டார்ட்டில் வரும் சத்தமும் புகையும் பொய் சொல்லாது. நீலப் புகை ஆயில் எரிவதையும், சூடேறிய பிறகும் நிற்காத வெள்ளைப் புகை கூலன்ட் உள்ளே போவதையும் காட்டக்கூடும். முதல் தலைமுறை இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசலிலும், முதல் ஃபார்ச்சூனரின் 3.0 லிட்டர் டீசலிலும் டைமிங் பெல்ட் உண்டு. அதைக் காலத்தில் மாற்றியதற்கு ரசீது கேளுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கிறது. அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நெடுஞ்சாலை ஓட்டம் வேண்டும். பள்ளிக்கும் கடைக்கும் மட்டுமே ஓடப்போகிற வண்டி என்றால் டீசலே வேண்டாம், பெட்ரோல் பாருங்கள்.

டெஸ்ட் டிரைவை டிரைவரும் புரோக்கரும் மட்டும் போய்வரும் சுற்றாக முடித்துவிடாதீர்கள். விற்பவர் சம்மதத்தோடு குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு ஓட்டுங்கள். காலி வண்டியில் நன்றாகப் பிடிக்கும் பிரேக், ஏழு பேரோடு எப்படிப் பிடிக்கிறது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய பதில். மேடு பள்ளத்தில் பின்புறம் அடிதட்டுகிறதா, ஒரு மேம்பாலத்தில் ஏறும்போது மூச்சு வாங்குகிறதா, நண்பகல் வெயிலில் கடைசி வரிசை வரை குளிர் போகிறதா என்று பாருங்கள். இறங்கியதும் பின்னால் இருந்தவர்களிடம் முதலில் கேளுங்கள்.

பேரம் பேசும்போது ஒன்று நினைவிருக்கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்யூவிகளுக்கு ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸும் சேர்ந்த 50 சதவீத வரி 40 சதவீதமாகக் குறைந்தது. புதியதன் விலை இறங்கும்போது பழையதும் இறங்க வேண்டும்; அதற்கு முந்தைய விலையை வைத்துச் சொல்லும் கணக்கை ஏற்காதீர்கள். பேசி முடித்த தொகையை முழுதும் வண்டிக்கே போட்டுவிடாமல், பத்தில் ஒரு பங்கையாவது கையில் வையுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஆறு வயது கடந்த டயர், பட்டன் இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். பிரேக், சஸ்பென்ஷன், பேட்டரி, பழுதான பெல்ட் எல்லாவற்றுக்கும் அந்தப் பணம் வேண்டும். மியூசிக் சிஸ்டத்துக்கும் சீட் கவருக்கும் அதற்கப்புறம் செலவு செய்யலாம்.

பெயர் மாற்றத்தை அன்றே தொடங்குங்கள். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. கடையில் வாங்கினால், 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதியின்படி அவர் அங்கீகாரம் பெற்ற பழைய வாகன விற்பனையாளர்தானா என்று சான்றைக் கேளுங்கள்.

கடைசியாக, பணம் போட்டு முடிவெடுக்கும் அண்ணன்மாருக்கும் மாமாமாருக்கும் ஒரு வார்த்தை. "இன்னொரு பார்ட்டி சாயங்காலம் வருகிறார்" என்று அவசரப்படுத்துவார்கள். வரட்டும். பழைய வண்டிச் சந்தையில் வண்டிக்குப் பஞ்சமே இல்லை. வீட்டுப் பெண்களில் ஒருவரோ, மூத்தவரோ, பள்ளி போகும் பிள்ளையோ "எனக்கு அங்கே உட்கார முடியவில்லை" என்று சொன்னால், அதை ஆர்.சி. புத்தகத்தில் கண்ட குறையைப் போலவே மதியுங்கள். அந்த ஒருவர் வேண்டாம் என்று சொல்ல உரிமையுள்ள வீட்டில்தான் சரியான வண்டி வந்து நிற்கும். அப்படி வந்தபின், ஏழு பெல்ட்டும் பூட்டும் சத்தம் கேட்காமல் வண்டி நகராது என்பதை உங்கள் வீட்டு வழக்கமாக்கிவிடுங்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அந்தக் கணக்கில் உங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் சேரக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அக்கறையோடு,
வண்டி பார்க்கக் கூட வருகிற உங்கள் உறவுக்காரன்